அபூ நவ்வாஃபின் காப்பி ஆறிய நாள்

ஹதீலுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். இது தெரியாமல் அவளிடம் வாலாட்டியவர்கள் எங்கள் கரக் ஊரில் இரண்டு பேர். ஒருவர் ஒப்பந்தக்காரர் அபூ நவ்வாஃப். ஊரில் சமரசமானாலும் சரி, பெண் கேட்கப் போவதானாலும் சரி, கூட்டத்துக்கு முன்னால் நடக்கிற பெரிய மனிதர். இன்னொருவன் அவர் பெற்ற செல்வம், நவ்வாஃப். இந்த இருவரையும் மன்னிப்பதில்லை என்று பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே அவள் முடிவு கட்டிவிட்டாள். மன்னிப்பு பெரிய குணம் என்பார்கள். இருக்கட்டுமே, எல்லாக் குணமும் எல்லாருக்கும் வேண்டும் என்று யார் சொன்னது?

நடந்தது இதுதான். ஹதீலுக்குப் பள்ளி இறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த சமயம், கடைத்தெருவில் ஒரு கல்யாண ஊர்வலம் போனது. கார்கள் ஹாரனை அலறவிட்டு வரிசையாகப் போக, நவ்வாஃப் மட்டும் தன் காரைச் சக்கரம் கிறீச்சிட வட்டமடித்து வித்தை காட்டினான். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் போன். தன் வித்தையைத் தானே படம் பிடித்துக்கொண்டிருந்தது அந்த அறிவுக்கொழுந்து. ரொட்டிக் கடை வாசலில் சூடு ரொட்டியோடு நின்றிருந்த ஹதீலின் அண்ணன் ஸுஹைபை அந்தக் கார் சுவரோடு வைத்து நசுக்கியது. ராணுவத்தில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. அடுத்த மாதம் போய்ச் சேர வேண்டியவனுக்கு வலது முழங்கால் போய்விட்டது.

அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே வீட்டுக்கு ஜாஹா, அதாவது ஒரு காரியம் கேட்டுப் போகிற பெரியவர் கூட்டம், வந்து இறங்கியது. அபூ நவ்வாஃப் தலைமையில், தலைத்துணியும் கறுப்பு மேலங்கியுமாக ஊர்ப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும். ஹதீலின் அப்பா அவ்வாத் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். அவர் வீட்டு முற்றத்தில் அத்தனை மேலங்கிகளை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. வழக்கப்படி தலைவர் முன்னால் காப்பிக் கோப்பை வைக்கப்பட்டது. வழக்கப்படி அவர் அதைத் தொடவில்லை. கேட்டது கிடைக்கும்வரை தொட மாட்டார்கள். வீட்டுக்காரர் வாயால் "காப்பியைக் குடிங்க" என்று வந்தால்தான் காரியம் முடிந்தது என்று அர்த்தம். அந்தக் காப்பி ஆறிப்போனால் வந்தவருக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை.

"அவ்வாத், உன் வீட்டுப் படியேறி ஒரு காரியமா வந்திருக்கோம்" என்று அபூ நவ்வாஃப் தொண்டையைச் செருமியதுதான் தாமதம்.

"குடிங்க, குடிங்க! எதுக்கு வந்தீங்களோ அது உங்களுக்கே!" என்று அவ்வாத் பதறிவிட்டார். மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்வரை சண்டை சச்சரவு வேண்டாம் என்று தவணை கேட்க வந்திருக்கிறார்கள் என்று அவர் நினைப்பு. பெரிய மனிதரைக் காக்க வைக்கக் கூடாதே என்ற கூச்சம் வேறு. எங்கள் ஆட்களின் பெருந்தன்மை இருக்கிறதே, அது இப்படித்தான் வாய்க்குள் புகுந்து குடியைக் கெடுக்கும்.

அபூ நவ்வாஃப் ஒரே மடக்கில் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பிறகுதான் சொன்னார். "அல்லா உனக்கு நல்லது செய்யட்டும். உன் பையன் காருக்குக் குறுக்கே ஓடினான். எல்லாம் விதி. வழக்கை முழுசா விட்டுக்கொடுத்ததுக்கு நன்றி."

சபையில் சொன்ன வாக்கை விழுங்க முடியுமா? மறுநாளே காவல் நிலையத்தில் அவ்வாத் கையெழுத்துப் போட்டார். வழக்கு மூடப்பட்டது. சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் ஹதீல் கேட்டிருந்தாள். வழக்கு போனதில்கூட அவளுக்கு அவ்வளவு கோபம் இல்லை. "குறுக்கே ஓடினான்" என்றாரே அபூ நவ்வாஃப், அதில்தான். ஒரு இடத்தில் அசையாமல் நின்றவன் ஓடினானாம். அன்றிலிருந்து ஊரே அதைத்தான் பேசியது. நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த ஸுஹைபிடம், "பார்த்துப் போகக் கூடாதாப்பா?" என்று கேட்காத ஆள் கிடையாது. அந்தப் பேச்சை அந்த ஆளின் வாயாலேயே, அதே போன்ற சபையில் திரும்பப் பெற வேண்டும். ஹதீல் கறுவிக்கொண்டது இதற்காகத்தான்.

அவள் சின்ன வயதிலிருந்தே வக்கீலாக வேண்டும் என்றிருந்தவள். ஆஸ்பத்திரிக்கும் தேர்வுக் கூடத்துக்குமாக அலைந்ததில் மதிப்பெண் சறுக்கியது. சட்டம் கிடைக்கவில்லை, வணிக நிர்வாகம்தான் கிடைத்தது. சரி, ஏதோ ஒன்று என்று முதல் நாள் வகுப்பில் போய் உட்கார்ந்தால், கடைசி வரிசையில் கால்மேல் கால் போட்டு, கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தான் நவ்வாஃப்! மதிப்பெண் இல்லாவிட்டாலும் பணம் கட்டினால் சேர்த்துக்கொள்கிற வழி ஒன்று இருக்கிறது அல்லவா, அதில் வந்திருந்தான்.

"யாரு, ஸுஹைபோட தங்கச்சிதானே? அண்ணன் எப்படி இருக்கான்?" என்று கேட்டான், ஏதோ தூரத்துச் சொந்தக்காரனைப் போல.

"நின்னுக்கிட்டிருக்கான். நிக்கிறவனை உனக்குத் தெரியாது, நீ ஓடுறவனைத்தான் பார்ப்பே" என்றாள் ஹதீல், மெதுவான குரலில்.

அவனுக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

கல்லூரி அவளுக்குப் பிடித்தது என்று சொன்னால் பொய். காலையில் பஸ்ஸில் நசுங்கிப் போய், கணக்கியலில் கொட்டாவி விட்டு, மத்தியானம் ஃபலாஃபில் ரொட்டியைத் தோழிகளோடு பங்கு போட்டு, சாயங்காலம் திரும்புவாள். ஆனால் ஒரு பாடம் அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது. வணிகச் சட்டம். நடத்தியவர் டாக்டர் நுஹா. குட்டையான பெண்மணி, நாக்கு மட்டும் கத்தி. ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் ஒப்ப வேண்டும், அப்போதுதான் ஒப்பந்தம் என்று அவர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது ஹதீல் கையைத் தூக்கினாள்.

"டாக்டர், எதிராளி என்ன கேக்கப் போறான்னே தெரியாம ஒருத்தர் முந்திக்கிட்டு 'சரி'ன்னுட்டா, அது ஒப்புதல் ஆகுமா?"

"ஆகும் டாக்டர்! காப்பி உள்ளே போயிடுச்சுன்னா ஆகும்!" என்று கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. ஊரில் அந்தக் கதை தெரியாதவர் யார்?

"நவ்வாஃப், நீ வகுப்புக்கு வந்ததே அதிசயம். வாயை வேற திறக்கணுமா?" என்றார் டாக்டர் நுஹா. பிறகு ஹதீலைப் பார்த்தார். "கேக்காத கேள்விக்குச் சொன்ன பதில் சட்டத்துல செல்லாது. ஆனா அதுக்கப்புறம் காகிதத்துல கையெழுத்துப் போட்டிருந்தா அது வேற கதை. கையெழுத்து பேசும்."

வகுப்பு முடிந்து அவர் பின்னாலேயே ஓடினாள். "அந்தக் கையெழுத்தை உடைக்க வழியே இல்லையா டாக்டர்?"

"இல்லம்மா. பொய் சொல்லி உன்னை ஏமாத்த மாட்டேன். அந்த வழக்கு செத்துப்போச்சு. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி உங்க அப்பா பக்கத்துல ஒரு வக்கீல் உக்காந்திருக்கணும்." ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தைக் காட்டினார். "இப்படிக் கேள்வி கேக்குறவங்க உக்கார வேண்டிய இடம் அது."

எதிரில் இருந்தது சட்டத் துறை. அன்றைக்கே ஹதீல் திட்டம் போட்டுவிட்டாள். இந்தப் பட்டத்தை முடிப்பது, அம்மானில் ஒரு கம்பெனியில் வேலை தேடிக்கொள்வது, சாயங்காலக் கல்லூரியில் சட்டம் இரண்டாவது பட்டமாகப் படிப்பது. காப்பியைக் குடித்துவிட்டுக் காகிதத்தை நீட்டுகிறவர்களுக்கு எதிரே போய் உட்கார்ந்து, "கொஞ்சம் பொறுங்க, நான் படிச்சுப் பார்க்கிறேன்" என்று சொல்கிற ஆளாக வேண்டும் அவளுக்கு. ஏழைகளுக்குத் தொண்டு, அது இது என்று பூசி மெழுக மாட்டாள். பழி வாங்கத்தான் படிக்கப் போகிறேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். அம்மா ஷம்ஸா தலையில் அடித்துக்கொண்டாள். "இப்படிப் பேசினா எவன்டி உன்னைக் கட்டுவான்?"

மூன்றாம் வருடம் சந்தைப்படுத்தல் பாடத்தில் குழுவாக ஒரு வேலை கொடுத்தார்கள். எங்கள் ஊர் ஜமீத்தை, அதாவது மன்ஸஃப் என்கிற கறிச்சோறு சமைக்கக் கரைக்கிற காய்ந்த தயிர்க் கட்டியை, வெளிநாட்டில் விற்கத் திட்டம் தீட்ட வேண்டும். குலுக்கலில் ஹதீலோடு சேர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் பக்கத்து ஊர் லைத், வாயில்லாப் பூச்சி. மற்றவன், வேறு யார், நவ்வாஃப். அவன் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. வகுப்பில் பேச வேண்டிய அன்று மட்டும் வாசனைத் தைலம் பூசிக்கொண்டு வந்து நின்றான்.

"என் பேரை முதல்ல போட்டிருக்கேதானே?"

"போட்டிருக்கேன். கொட்டை எழுத்துல" என்றாள் ஹதீல். லைத் அவளைத் திகைத்துப் பார்த்தான்.

போட்டிருந்தாள்தான். பெயரோடு நிற்காமல், முழுத் திட்டத்தையும் விளக்குபவர் நவ்வாஃப் என்றும் போட்டிருந்தாள். பேராசிரியர் அவனை மேடைக்கு அழைத்தார். அவன் முகத்தில் ஈயாடவில்லை. "ஜமீத்... ஜமீத்னா... வெள்ளையா இருக்கும்" என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. முட்டை மதிப்பெண் வாங்கிக்கொண்டு இறங்கியவன், போகிற போக்கில் அவளிடம், "எங்க அப்பா யாருன்னு உனக்குத் தெரியுமில்ல?" என்று பல்லைக் கடித்தான்.

"நல்லாத் தெரியும். அவருக்கு இன்னும் பாக்கி இருக்குன்னு சொல்லு."

லைத் அன்று மாலை பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தான். வாயில்லாப் பூச்சிக்கு அன்றுதான் வாய் முளைத்தது.

"உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்" என்றான்.

"அப்புறம் எதுக்கு அந்தப் பாவம் என் பின்னாலேயே வருது?"

அவன் காது சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வருடம் அவன் வேறு எந்தப் பெண்ணையும் பார்க்கவில்லை, அவளும் வேறு யாரையும் இவ்வளவு கேலி செய்யவில்லை. கடைசி வருடம் வீட்டில் பெண் கேட்டு வரட்டுமா என்று அவன் கேட்டபோது, சட்டம் படிப்பேன், அதைக் கல்யாண ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். "எழுதிக்கோ" என்றான். நல்ல பையன். இரு வீட்டிலும் உள்ளுக்குள் பேசி முடித்தார்கள். ஊரறிய ஜாஹா வந்து கேட்பதுதான் பாக்கி.

பிறகு ஒரு நாள் லைத் பேயறைந்த முகத்தோடு கல்லூரி வாசலில் நின்றான். "எங்க அப்பா ஒரு காரியம் பண்ணிட்டார். ஜாஹாவுக்குத் தலைமை தாங்க அபூ நவ்வாஃபைக் கூப்பிட்டுட்டார். ஊரிலேயே பெரிய ஆள், உங்க வீட்டுக்கு மரியாதைன்னு நினைச்சிட்டார். அவரும் சரின்னுட்டாராம். 'அந்த வீட்டுல என் காப்பி ஆறினதே இல்லை'ன்னு சிரிச்சாராம். நான் அப்பாகிட்ட சொல்லி வேற ஆளை..."

"வேணாம்." ஹதீலின் குரல் இறங்கிவிட்டது. "அவரே வரட்டும்."

"ஹதீல், என்ன பண்ணப் போறே?"

அவள் சொன்னாள். லைத் படியில் உட்கார்ந்துவிட்டான். "அவர் எழுந்து போயிட்டா? கூட்டமே எழுந்துடும். அப்புறம் நம்ம கல்யாணம்? என் வாழ்க்கையை வச்சு சூதாடுறியா?"

"என் வாழ்க்கையையும் சேர்த்துத்தான் வைக்கிறேன். பயமா இருந்தா இப்பவே சொல்லிடு, உன்மேல கோபப்பட மாட்டேன்."

அவன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான். "பயமாத்தான் இருக்கு" என்றான். "எங்க அப்பாவை நான் பார்த்துக்கிறேன்."

வீட்டில் அப்பாவை மசிய வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அவ்வாத் காதைப் பொத்திக்கொண்டார். "வாக்கு குடுத்தாச்சு யாபா. குடிச்ச காப்பியைத் திருப்பிக் கேக்குறவன் ஆம்பளையா?" அப்பாவை மகளும், மகளை அப்பாவும் யாபா என்றுதான் அழைத்துக்கொள்வார்கள் எங்கள் பக்கத்தில்.

"நான் அந்தக் காப்பியைக் கேக்கல யாபா. வழக்கு போனது போனதுதான். இது புதுக் காப்பி. இந்தத் தடவை என்னைக் கேக்க வர்றாங்க. மாப்பிள்ளை வீடு எனக்குத் தர வேண்டிய மஹர் என்னன்னு சொல்ல எனக்கு உரிமை இருக்கா இல்லையா?"

"இருக்கு. அது மார்க்கம்."

"காசு வேணாம், நகை வேணாம். அந்த ஆள் வாயிலிருந்து ஒரு வார்த்தை. அதுதான் என் மஹர். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. அவர் கேட்டு முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

அவ்வாத் ஸுஹைபைப் பார்த்தார். போன் உறை விற்கும் கடையிலிருந்து அப்போதுதான் வந்து, காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான் அவன். தங்கையின் கல்யாணம் தன்னால் கெட வேண்டாம் என்று இரண்டு நாளாகச் சண்டை போட்டவன் அவன்தான். இப்போது அவனும் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சரி என்று அவ்வாத் தலையை ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஜாஹா வந்தது. முற்றத்தில் பந்தல், வரிசையாக நாற்காலிகள், அதே மேலங்கிகள். ஹதீலும் ஷம்ஸாவும் அதே சமையலறை ஜன்னலுக்குப் பின்னால். காப்பி ஊற்றியது ஸுஹைப். ஜாடியை இடக் கையில் பிடித்துக்கொண்டு, வலக் காலை இழுத்து இழுத்து அத்தனை பேர் நடுவில் நடந்து வந்தான். அபூ நவ்வாஃப் முன்னால் கோப்பையை வைத்தான். அவர் அவன் காலைப் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்தார். பின்வரிசையில் நவ்வாஃப் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

அபூ நவ்வாஃப் எழுந்தார். இறைவனைப் புகழ்ந்தார், இரண்டு குடும்பத்தின் பரம்பரையைப் புகழ்ந்தார், கடைசியில், "உங்கள் மகள் ஹதீலை எங்கள் மகன் லைத்துக்குக் கேட்டு வந்திருக்கோம்" என்று முடித்து உட்கார்ந்தார். கை பாதி வழி கோப்பைக்குப் போய்விட்டது. இந்த வீட்டில்தான் காப்பி ஆறாதே.

"குடிங்க" என்ற வார்த்தை வரவில்லை.

அவ்வாத் எழுந்து நின்றார். குரல் நடுங்கியது. ஆனால் பேசினார். "அபூ நவ்வாஃப், போன தடவை நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே குடுத்துட்டேன். இந்தத் தடவை நீங்க கேட்டதை முழுசாக் கேட்டேன். இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். என் மகளோட மஹர் இது. என் பையன் அன்னைக்கு ஓடினானா, நின்னானா?"

பின்வரிசையில் நவ்வாஃப் போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

"அடடே அவ்வாத்!" அபூ நவ்வாஃப் சிரித்துப் பார்த்தார். "நல்ல நாளும் அதுவுமா பழைய கதை எதுக்குப்பா? அதுதான் சமாதானம் ஆயிடுச்சே. கல்யாணப் பேச்சைப் பேசுவோம்."

"இதுதான் கல்யாணப் பேச்சு" என்றார் அவ்வாத்.

"இது அவமானம்!" அபூ நவ்வாஃப் பாதி எழுந்தார். பின்னால் கூட்டமும் எழும் என்று திரும்பிப் பார்த்தார். லைத்தின் அப்பா நாற்காலியில் அழுந்த உட்கார்ந்துகொண்டு, தாடியைத் தடவியபடி, "கேட்டதுக்குப் பதில் சொல்லிடுங்களேன். எங்க பையன் காத்துக்கிட்டிருக்கான்" என்றார். வேறு யாரும் எழவில்லை. இப்போது தனியாக வெளியே நடந்தால், காப்பி ஆறிப்போன மனிதர் என்ற பெயரோடுதான் நடக்க வேண்டும். அதற்கப்புறம் கரக்கில் எந்த வீட்டுக்கு எவன் அவரை முன்னால் நடக்கவிடுவான்? அவர் அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதை ஹதீல் ஜன்னல் வழியே ரசித்துப் பார்த்தாள். ஆம், ரசித்துத்தான். இத்தனை வருடம் காத்திருந்தவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

அவர் மறுபடி உட்கார்ந்தார். எதிரில் ஜாடியோடு ஸுஹைப் நின்றிருந்தான்.

"நின்னான்" என்றார், வாய்க்குள்.

"பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல" என்றான் ஸுஹைப்.

"நின்னான்! ரொட்டிக் கடை வாசல்ல நின்னான். என் பையன்தான் போனைப் பார்த்துக்கிட்டு ஓட்டினான். தப்பு எங்களோடது. போதுமா?" வியர்வையைத் துடைத்துக்கொண்டு கோப்பையை எடுக்கப் போனார்.

ஸுஹைப் குனிந்து அந்தக் கோப்பையைத் தான் எடுத்துக்கொண்டான். புதிதாக ஒரு கோப்பையில் சூடாக ஊற்றி லைத்தின் அப்பாவிடம் நீட்டினான். அவ்வாத் நிமிர்ந்து நின்று சொன்னார், இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை. "அபூ லைத், காப்பியைக் குடிங்க. எங்க பொண்ணு உங்க பொண்ணு."

லைத்தின் அப்பா குடித்தார். ஷம்ஸா அழுதுகொண்டே குலவையிட்டாள். பந்தல் முழுக்கக் கைகுலுக்கலும் கட்டியணைப்பும், குனாஃபா இனிப்புத் தட்டுகளும். அபூ நவ்வாஃப் முன்னால் இருந்த மேசை மட்டும் காலியாகக் கிடந்தது. யாரும் அவருக்கு வேறு கோப்பை கொண்டுவரவில்லை. மகனைத் தேடினார், அவன் எப்போதோ கார் எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தான்.

ஸுஹைப் ஆறிய கோப்பையோடு சமையலறைக்குள் வந்தான். ஹதீல் அதை வாங்கித் தொட்டியில் கவிழ்த்தாள். அண்ணன் சுவரில் சாய்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான். முகம் மட்டும், ராணுவத்தில் இடம் கிடைத்த அன்று இருந்த மாதிரி இருந்தது.

"மனசு ஆறிச்சாடி உனக்கு?" என்றான்.

"உனக்கு?"

"ஆறிச்சு. ஆனா கால் அப்படியேதான் இருக்கு."

"தெரியும்" என்றாள் ஹதீல், தாழ்ந்த குரலில். "அதுக்குத்தான் சட்டக் கல்லூரி."